சியன்னா நகர் புனித கத்தரீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெபமாலை மாதா படத்தில், மாதாவின் கையிலிருந்து ஜெபமாலையை வாங்கும் பெண் யார்?

அவர்தான் சியன்னா நகர் புனித கத்தரீன். குழந்தை இயேசுவிடம் ஜெபமாலை வாங்குபவர் புனித சாமிநாதர், அதாவது தொமினிக். இத்தாலியின் பொம்பெயி திருத்தலத்தில் உள்ள படத்தின் நகல் இது. நம்மவர் வீடுகள் பலவற்றிலும் மாட்டியிருக்கும். பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பதால் இருவரும் ஒரே காலத்தவர் என்று நினைத்துக்கொள்கிறோம். சாமிநாதர் இறந்தது 1221இல். கத்தரீன் பிறந்தது 1347இல். சாமிநாதர் தொடங்கிய துறவற சபையில், துறவிகள் அல்லாதவர்களுக்கான பொதுநிலைப் பிரிவைக் கத்தரீன் சேர்ந்தவர் என்பதே அந்தப் படத்தில் இடம் கிடைத்ததற்குக் காரணம்.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. அதில் அவர் வாய் மூடி இருக்கிறார். வாழ்நாளில் அப்படி இருந்தவர் அல்ல. அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே தான் தூங்கிப்போனதை அவருடைய ஆன்ம குரு ரெய்மண்ட் அடிகளார் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். கத்தரீன் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனாராம். கவனித்ததும் தட்டி எழுப்பி, நான் பேசுவது உங்களிடமா, சுவரிடமா என்று கேட்டாராம்.

சக்கரத்தோடு நிற்கும் கத்தரீனும் இவரும் ஒருவரா?

இல்லை. சக்கரம் அலெக்சாந்திரியா நகர் கத்தரீனுக்கு உரியது. அவர் தொடக்ககால மறைச்சாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர். சியன்னா கத்தரீனை வெள்ளை அங்கி, கறுப்புப் போர்வை, கையில் லீலி மலர், தலையில் முள்முடி இவற்றைக் கொண்டு அடையாளம் காணலாம். சுவீடன் நாட்டுக் கத்தரீன், ஜெனோவா கத்தரீன், பொலோஞ்ஞா கத்தரீன் என்றும் புனிதர்கள் உண்டு. ஊர்ப்பெயரை விட்டுவிட்டால் குழப்பம்தான்.

அவர் குடும்பம் எப்படிப்பட்டது?

சாயத் தொழில் செய்த குடும்பம். தந்தை ஜாக்கொமோ பெனின்காசாவுக்கு, சியன்னாவில் ஃபொன்தெபிராந்தா என்ற நீரூற்றுக்கு அருகே வீடும் பட்டறையும் இருந்தன. சாயம் போடத் தண்ணீர் வேண்டும், அதனால் அந்தத் தொழில்காரர்கள் ஊற்றை ஒட்டியே குடியிருந்தார்கள். ஏழைகள் இல்லை, பிரபுக்களும் இல்லை.

தாய் லாப்பாவுக்கு 25 பிள்ளைகள். கத்தரீன் ஏறக்குறைய கடைசி. அவரோடு இரட்டையாகப் பிறந்த ஜொவான்னாவைச் செவிலித்தாயிடம் கொடுத்துவிட்டு, லாப்பா கத்தரீனுக்கு மட்டும் தானே பாலூட்டினார். ஜொவான்னா பிழைக்கவில்லை. மறு ஆண்டு, 1348இல், கொள்ளைநோய் வந்தது. சியன்னாவின் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் மாண்டிருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. ஊர்க்காரர்கள் பேராலயத்தைப் பிரமாண்டமாக விரித்துக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அந்த வேலை அப்படியே நின்றது. முடிக்கப்படாத அந்த நெடுஞ்சுவர் இன்றும் நிற்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதான் இவர்.

கன்னியர் மடத்தில் சேர்ந்தவர்தானே?

அதிகம் பேர் தவறாக நினைப்பது இதைத்தான். அவர் ஒருநாளும் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர் அல்ல.

ஆறு வயது வாக்கில், தெருவில் அண்ணனோடு நடந்துவரும்போது, சாமிநாதர் சபையின் கோவிலுக்கு மேலே கிறிஸ்துவைக் காட்சியாகக் கண்டார் என்கிறது அவர் வரலாறு. ஏழு வயதில் கன்னிமை வார்த்தைப்பாடு கொடுத்தார். வீட்டாருக்கு அது தெரியாது. பருவம் வந்ததும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். அவருக்குப் பிரியமான அக்கா பொனவெந்தூரா 1362இல் பேறுகாலத்தில் இறந்ததும் நெருக்கடி கூடியது. கத்தரீன் தலைமுடியை வெட்டிப்போட்டார்.

லாப்பாவின் கோபத்தை நம் வீடுகளில் கற்பனை செய்வது கடினமில்லை. தனியறை பறிபோனது. வேலைக்காரியை நிறுத்திவிட்டு வீட்டு வேலை முழுவதையும் அவர் தலையில் கட்டினார்கள். அவர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்: மனதுக்குள்ளேயே ஓர் அறையைக் கட்டிக்கொண்டார். அப்பாவை இயேசுவாகவும், அம்மாவை மரியாளாகவும், அண்ணன்மாரைத் திருத்தூதர்களாகவும் நினைத்துச் சோறு பரிமாறினார். கடைசியில் அப்பாதான் இறங்கி வந்தார். இனி இவளை யாரும் தொல்லைப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

பிறகு அவர் சேர்ந்தது 'மாந்தெல்லாத்தே' என்ற குழுவில். போர்வைக்காரிகள் என்று சொல்லலாம். சாமிநாதர் சபையோடு இணைந்த பொதுநிலைப் பெண்கள், பெரும்பாலும் கைம்பெண்கள். அவரவர் வீட்டில் இருந்துகொண்டு செபிப்பார்கள், நோயாளிகளைக் கவனிப்பார்கள். இளம்பெண்ணைச் சேர்க்க அவர்கள் தயங்கினார்கள். அப்போது கத்தரீனுக்கு அம்மை கண்டு முகம் மாறியிருந்தது. அதைப் பார்த்த பிறகே, பரவாயில்லை, அழகி இல்லை என்று ஒத்துக்கொண்டார்களாம். சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

மூன்று ஆண்டு அறைக்குள் இருந்தவர் ஏன் வெளியே வந்தார்?

வீட்டுக்குள்ளேயே ஓர் அறையில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் மௌனமாக இருந்தார். 1368 வாக்கில், கிறிஸ்து தனக்கு மோதிரம் அணிவித்து மணமகளாக ஏற்றுக்கொண்ட காட்சியைக் கண்டார். அந்த மோதிரம் அவர் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது. இத்தோடு கதை முடிந்திருந்தால் காட்சி கண்ட பெண்களில் ஒருவராகவே போயிருப்பார். ஆனால் அதே காட்சிகள்தான் அவரை வெளியே தள்ளின. பிறரன்பு இல்லாத இறையன்பு ஒற்றைக்கால் நடை என்பது அவருக்குக் கிடைத்த பாடம்.

வெளியே வந்ததும் பேராலயத்துக்கு எதிரே இருந்த சாந்தா மரியா தெல்லா ஸ்காலா மருத்துவமனைக்குப் போனார். யாரும் தொடத் தயங்கிய நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். அவர்களில் சிலர் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். மார்பில் புற்றுநோய் கண்ட பெண்மணி ஒருவர் அவர் கற்பைப் பற்றியே அவதூறு பரப்பினார். கத்தரீன் போவதை நிறுத்தவில்லை. 1374இல் மீண்டும் கொள்ளைநோய் வந்தபோதும் ஊரிலேயே இருந்து பணி செய்தார்.

தூக்குமேடைக் கதை ஒன்று சொல்கிறார்களே, அது உண்மையா?

தூக்கு இல்லை, தலைவெட்டு. உண்மை, அவரே ரெய்மண்ட் அடிகளாருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. கடிதத்தில் பெயர் இல்லை. பெரூஜியாவைச் சேர்ந்த நிக்கொலோ தி தோல்தோ என்ற இளைஞர் என்று அடையாளம் சொல்கிறார்கள். அரசியல் குற்றச்சாட்டில் சியன்னா அரசு அவருக்கு மரண தண்டனை விதித்தது. ஆண்டு 1375 வாக்கில். மனம் கொதித்துப் போயிருந்த அவரைக் கத்தரீன் சிறையில் பார்த்தார், திருப்பலிக்கு அழைத்துச் சென்றார், கடைசியில் உடனிருப்பேன் என்று வாக்குக் கொடுத்தார்.

தண்டனை நாளன்று அவருக்கு முன்னே போய், வெட்டுமரத்தில் தன் கழுத்தையே வைத்துப் பார்த்தார். இளைஞர் வந்தார், கத்தரீனைக் கண்டதும் சிரித்தார், நெற்றியில் சிலுவை போடச் சொன்னார். திருமணத்துக்குப் போ, என் இனிய தம்பி என்றார் கத்தரீன். 'இயேசு', 'கத்தரீன்' என்ற இரண்டு சொற்கள்தான் அவர் வாயில். தலையைக் கத்தரீன் தன் கைகளில் ஏந்திக்கொண்டார். மேலே தெறித்த இரத்தத்தைக் கழுவ மனம் வரவில்லை என்று எழுதுகிறார். எத்தனை முறை வாசித்தாலும் உடம்பு சிலிர்க்கும் கடிதம். புதுமைகளின் பட்டியலைவிட இந்த ஒரு கடிதம் அவரை எனக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தது.

திருத்தந்தையை உரோமைக்குத் திரும்பக் கொண்டுவந்தவர் இவர்தானா?

பாதி உண்மை. 1309 முதல் திருத்தந்தையர்கள், அதாவது போப்புகள், பிரான்சை ஒட்டிய அவிஞ்ஞோன் நகரில் இருந்தார்கள். அங்கே ஆண்ட ஏழு பேரில் கடைசியானவர் 11ஆம் கிரகோரி. உரோமைக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. 1373இல் இறந்த சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தும் பல ஆண்டுகள் அதையே வலியுறுத்தியிருந்தார். கிரகோரிக்கு இல்லாதது துணிவு. திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் உயர் குருக்களான கர்தினால்களும் சொந்தபந்தமும் பிரான்சுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கத்தரீன் 1376 ஜூன் 18 அன்று அவிஞ்ஞோன் போய்ச் சேர்ந்தார். வந்த வேலை வேறு: திருத்தந்தைக்கு எதிராகப் போரில் இறங்கியிருந்த புளோரன்ஸ் நகருக்காகச் சமாதானம் பேசுவது. அதில் தோற்றார், பின்னால் வந்த புளோரன்ஸ் தூதர்கள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் திருத்தந்தையோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் பேசியது இலத்தீன், இவர் பேசியது தொஸ்கானா வட்டார மொழி; நடுவில் மொழிபெயர்த்தவர் ரெய்மண்ட். செப்டம்பர் 13 அன்று கிரகோரி அவிஞ்ஞோனை விட்டுக் கிளம்பினார். 1377 ஜனவரி 17 அன்று உரோமைக்குள் நுழைந்தார். தயங்கி நின்றவருக்குக் கத்தரீன் முதுகில் ஒரு தள்ளு கொடுத்தார் என்பதே சரியான கணக்கு என்று நினைக்கிறேன்.

அவருக்கு எழுதிய கடிதங்களில் கத்தரீன் பயன்படுத்தும் விளி 'பாப்போ'. தொஸ்கானாப் பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடும் சொல். நம் 'அப்பா' அப்படியே பொருந்தும். அப்பா என்று செல்லமாகக் கூப்பிட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே, பயந்த பிள்ளையைப் போல் இருக்காதீர்கள், ஆண்மையோடு நில்லுங்கள் என்பார். திருத்தந்தையைப் 'பூமியில் இனிய கிறிஸ்து' என்பார். கூடவே, ஆயர் பதவிகளில் இருக்கும் அழுகிய மலர்களைப் பிடுங்கி எறியுங்கள் என்பார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படி இத்தனை கடிதம் எழுதினார்?

சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். நேரி, ஸ்டெஃபானோ மக்கோனி, பர்துச்சோ கனிஜானி ஆகியோர் அவருடைய எழுத்தர்களில் முக்கியமானவர்கள். எல்லாரும் நல்ல குடும்பத்து இளைஞர்கள், அவரை 'அம்மா' என்றே அழைத்தவர்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வெவ்வேறு கடிதங்களைச் சொல்வாராம். வாசிக்க, வளர்ந்த பிறகே கற்றார். எழுதவும் பின்னாளில் கற்றதாக ஒரு கடிதம் சொல்கிறது. அறிஞர்களுக்குள் அதில் கருத்து வேறுபாடு உண்டு.

இன்று கையில் இருப்பவை 380 சொச்சம் கடிதங்கள். திருத்தந்தை, பிரான்சு அரசர், நேப்பிள்ஸ் அரசி, மிலான் நகர் கொடுங்கோலர் பெர்னபோ விஸ்கொந்தி, கூலிப்படைத் தலைவர் ஜான் ஹாக்வுட், ஒரு தையற்காரர், ஓர் ஓவியர், சியன்னாச் சிறையில் இருந்த கைதிகள், பெரூஜியாவில் ஒரு விலைமகள் என்று எல்லாருக்கும் எழுதினார். எல்லாருக்கும் ஒரே தொடக்கம்: இயேசு கிறிஸ்துவின் ஊழியர்களுக்கு ஊழியக்காரியும் அடிமையுமான கத்தரீன் எழுதுகிறேன். அப்படித் தாழ்ந்து தொடங்கி, 'நான் விரும்புகிறேன்' என்று ஆணையிடும் தொனியில் முடிப்பார்.

ரெய்மண்டும் தப்பவில்லை. 1378இல் தூதுவராகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டவர், வழியில் பகைவர்கள் பதுங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார். நிமிர்ந்து போக முடியாவிட்டால் தவழ்ந்தாவது போயிருக்கலாமே என்று கத்தரீனிடமிருந்து கடிதம் வந்தது.

அவருடைய பெரிய நூல் 'உரையாடல்'. 1377, 1378 ஆண்டுகளில் சொல்லி எழுதப்பட்டது. தந்தையாம் கடவுளோடு ஓர் ஆன்மா பேசுவதாக அமைந்தது. விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே கிறிஸ்துவே பாலம் என்பது அதன் மைய உருவகம். கீழே பாவ வெள்ளம், மேலே பாலம். நூல் எனக்குச் சில இடங்களில் நீளமாகத் தோன்றும். புதிதாக வாசிப்பவர் கடிதங்களில் தொடங்குவது நல்லது.

இணையத்தில் பரவும் "உலகத்தையே பற்றவைப்பாய்" என்ற மேற்கோள் அவருடையதா?

அடி அவருடையது, மெருகு பிறருடையது. நீங்கள் இருக்க வேண்டியபடி இருந்தால் இத்தாலி முழுவதிலும் தீ மூட்டுவீர்கள் என்று ஸ்டெஃபானோ மக்கோனிக்கு எழுதினார். இத்தாலி என்பது எங்கேயோ உலகமாகிவிட்டது. 2011 ஏப்ரல் 29 அன்று பிரித்தானிய இளவரசர் வில்லியம் திருமணத்தில் இலண்டன் ஆயர் இதைச் சொல்லித்தான் மறையுரையைத் தொடங்கினார். அன்று கத்தரீன் திருநாள்.

அவர் சாப்பிடாமலே வாழ்ந்தார் என்பது?

சிறுவயதிலிருந்தே உணவைக் குறைத்துக்கொண்டே போனார். பிற்காலத்தில் திருப்பலியில் பெறும் நற்கருணை அப்பத்தைத் தவிர எதுவும் வயிற்றில் தங்கவில்லை. மற்றவர்கள் பேச்சுக்காகக் கொஞ்சம் கீரையை மென்றுவிட்டு, குச்சி விட்டு வாந்தி எடுத்து வேதனைப்பட்டார். அந்தக் காலத்திலேயே இதைச் சாத்தானின் வேலை என்றவர்கள் இருந்தார்கள். இக்கால ஆய்வாளர்களில் சிலர் இதை உணவு மறுப்பு நோயோடு ஒப்பிடுகிறார்கள். வேறு சிலர், இடைக்காலப் பெண்களுக்கு உணவு ஒன்றுதான் தங்கள் கையில் இருந்த அதிகாரம், அதை இன்றைய நோய்ப்பெயரால் அளக்க முடியாது என்கிறார்கள்.

பக்திக் கட்டுரைகள் இதைப் புதுமையாக மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. அவரே அதைச் சுமையாகத்தான் பேசினார். சாப்பிட முயல்கிறேன், முடியவில்லை, எனக்காக மன்றாடுங்கள் என்று ஒரு கடிதத்தில் கேட்கிறார். மற்றவர்களுக்கு அவர் சொன்ன அறிவுரையும் வேறு: ஒறுத்தல் ஒரு கருவி மட்டுமே, அதையே இலக்காக்கிக்கொள்ளாதீர்கள். ஆகவே அவர் உண்ணாமையைப் பின்பற்ற நினைக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஐந்து காய வரம் பெற்றவரா? ஏன் காயங்கள் தெரியவில்லை?

சிலுவையில் இயேசு பட்ட ஐந்து காயங்களைத் தன் உடலில் பெறுவதே அந்த வரம். 1375இல் பீசா நகரின் சாந்தா கிறிஸ்தீனா ஆலயத்தில் பெற்றதாக வரலாறு. காயங்கள் வெளியே தெரியக் கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டார். வலி மட்டும் இருந்தது.

அவர் செய்த எதையாவது தவறு என்று சொல்ல முடியுமா?

புனிதர்களைப் பற்றி இப்படிக் கேட்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கேட்கலாம். அவர் சிலுவைப் போரை ஆதரித்தார். இத்தாலியில் கிறிஸ்தவர்களை வெட்டும் கூலிப்படைகள் கடல் கடந்து போகட்டும் என்பது அவர் கணக்கு. அன்றைய கணக்கு என்றாலும் இன்று அதை வாசிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கிரகோரி 1378 மார்ச்சில் இறந்தார். அடுத்து வந்த 6ஆம் உர்பான் கடுகடுப்பானவர். அதே செப்டம்பரில் கர்தினால்கள் பிரிந்து போய் இன்னொரு திருத்தந்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தப் பிளவு 1417 வரை நீடித்தது. கத்தரீன் உர்பான் பக்கம் உறுதியாக நின்றார். விலகிய இத்தாலியக் கர்தினால்கள் மூவருக்கு அவர் எழுதியது காரசாரமான கடிதம்: மணம் வீச வேண்டிய மலர்கள் நீங்கள், உலகமே நாறும்படி செய்துவிட்டீர்கள். உர்பானுக்கும், மனதைக் கொஞ்சம் மென்மையாக்கிக்கொள்ளுங்கள் என்று எழுதினார். அவர் கேட்கவில்லை. உர்பானின் கொடுமைகள் உச்சத்துக்குப் போனதைப் பார்க்கக் கத்தரீன் உயிரோடு இல்லை.

எப்படி இறந்தார்?

உர்பான் அழைத்ததால் 1378 நவம்பரில் உரோமைக்கு வந்தார். 1380 தொடக்கத்தில் தண்ணீரும் இறங்கவில்லை. அந்தத் தவக்காலத்தின் முற்பகுதியில் அன்றாடம் புனித பேதுரு ஆலயத்துக்குக் கால்நடையாகப் போய் மாலைவரை செபித்தார். அங்கே இருந்த மொசைக் ஓவியத்தில் திருச்சபை ஒரு படகாக வரையப்பட்டிருந்தது. அந்தப் படகு முழுவதும் தன் தோளில் இறங்கியதைப்போல் உணர்ந்து தரையில் சரிந்தார் என்கிறார்கள். ஏப்ரல் 29 அன்று இறந்தார். வயது 33.

திருநாள் ஏப்ரல் 29ஆ, 30ஆ?

இப்போது 29. அந்த நாள் மறைச்சாட்சி வெரோனா பேதுருவுக்கு உரியதாக இருந்ததால், 1969 சீர்திருத்தம்வரை கத்தரீனுக்கு 30.

புனிதர் பட்டமும் மறைவல்லுநர் பட்டமும் எப்போது கிடைத்தன?

1461இல் 2ஆம் பயஸ் புனிதர் பட்டம் அளித்தார். அவரும் சியன்னாக் குடும்பத்தவர். 1939இல் அசிசி பிரான்சிஸோடு சேர்த்து இத்தாலியின் பாதுகாவலி ஆனார். 1999இல் ஐரோப்பாவின் பாதுகாவலர்களில் ஒருவர். 1970 அக்டோபர் 4 அன்று திருத்தந்தை 6ஆம் பவுல் மறைவல்லுநர் என்று அறிவித்தார். மறைவல்லுநர் என்றால் யாருடைய போதனை திருச்சபை முழுவதற்கும் பயன்படுமோ அவர். அகுஸ்தினார், அக்குவினா தோமா வரிசை அது. அந்த ஆண்டுவரை அந்த வரிசையில் பெண் யாரும் இல்லை. ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 27 அன்று, அவிலா தெரசா முதலில் சேர்ந்தார். பள்ளிக்கூடத்தையே பார்க்காத சாயக்காரர் மகளுக்கு அந்த இடம் கிடைக்க 590 ஆண்டுகள் ஆயின.

அவர் உடலும் தலையும் வெவ்வேறு ஊரிலா?

ஆமாம். உடல் உரோமையில், சாந்தா மரியா சோப்ரா மினெர்வா ஆலயத்தின் தலைமைப் பீடத்துக்குக் கீழே. தலையும் ஒரு கட்டைவிரலும் சியன்னாவில் சாமிநாதர் சபை ஆலயத்தில். ஒரு பாதம் வெனிஸில். அந்தக் காலத்தில் திருப்பண்டங்களை இப்படிப் பிரிப்பது வழக்கம். சியன்னா போகிறவர்கள் அதே ஆலயத்தில், அவரை நேரில் அறிந்த அந்திரேயா வன்னி வரைந்த சுவரோவியத்தையும் பார்த்துவிட்டு வரலாம். தலையைக் கொண்டுபோனவர்களைக் காவலர்கள் நிறுத்தியபோது பைக்குள் ரோஜா இதழ்களே இருந்தன என்பது கதை.

அம்மா லாப்பா என்ன ஆனார்?

மகள் இறந்த பிறகும் வாழ்ந்தார். பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களைப் புதைத்தவர் அவர். என் உயிரைக் கடவுள் குறுக்கே வைத்துவிட்டார் போலிருக்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது என்று சொல்வாராம், ரெய்மண்ட் எழுதிவைத்திருக்கிறார். முடியை வெட்டியதற்காக மகளோடு சண்டை போட்டவர், பிற்காலத்தில் மகளைப்போலவே கறுப்புப் போர்வை போர்த்துக்கொண்டார். கத்தரீனின் தலை சியன்னாவுக்கு வந்து ஊரே ஊர்வலமாகத் திரண்டபோது, எண்பது வயது லாப்பாவும் அந்தக் கூட்டத்தில் நடந்துவந்தார் என்கிறது சியன்னா மரபு.